உஸ்தாதின் இரண்டு சுத்தியல்கள்

என் தாத்தா பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். பாட்டி மண்சட்டியைச் சுண்டிப் பார்ப்பாள். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, நட்டைத் தட்டிப் பார்த்து, இது இன்றைக்கே கழலுமா நாளைக்குத்தான் கழலுமா என்று சொல்லும் மனிதரை நான் கொல்கத்தாவில், கார்டன் ரீச்சில் பார்த்தேன்.

தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் எனக்கு நான்கு வருட உத்தியோகம். ஓய்வு பெற்றுப் போன சக ஊழியர் ஒருவரிடமிருந்து பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கியிருந்தேன். உத்தர்பாராவில் அந்தக் கார் இன்னும் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு மழைக்காலம் போனதும் பின்பக்கம் ஒரு சாய்வாக உட்கார்ந்துவிட்டது. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் பழைய மரக்கட்டில் போல முனகும். பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்திருக்கலாம், கழற்றினால்தான் தெரியும் என்றார்கள். முதலில் கொண்டுபோன பட்டறையில் அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, கேஸ் கட்டரைக் கொண்டு வரச் சொன்னார்கள். அந்த வண்டியில் பெட்ரோல் டாங்க் டிக்கியில் இருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அலுவலகப் பியூன் ஒருவர்தான் உஸ்தாதிடம் போகச் சொன்னார்.

உஸ்தாத் என்றதும் நமக்குத் தோன்றுவது தபலாவோ சாரங்கியோ வாசிக்கும் பெரியவர்தான். கார்டன் ரீச்சுக்கு அதுவும் பொருந்தும். ஆங்கிலேயர் அவத் அரசைப் பறித்துக்கொண்டபின் நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் இங்கே வந்து சேர்ந்தார். இடையில் கிளர்ச்சிக் காலத்தில் வில்லியம் கோட்டைக்குள் அடைத்து வைக்கப்பட்டதைத் தவிர, 1887-இல் இறக்கும்வரை ஹூக்ளிக் கரையில் மெட்டியாபுருஸில்தான் இருந்தார். லக்னோவின் தும்ரியும் கதக்கும் சமையலும் காற்றாடியும் அவரோடு வந்தன. பாட்டுக்காரரும் தபலாக்காரரும் அவர் பின்னாலேயே வந்து குடியேறினார்கள். அந்த உஸ்தாத்கள் போய்விட்டார்கள். அந்தச் சொல் மட்டும் அந்த வட்டாரத் தையல்கடையிலும் பட்டறையிலும் புழங்குகிறது. சாரங்கி உஸ்தாதுக்கு ஷாகிர்த், அதாவது சீடன் உண்டு, பட்டறை உஸ்தாதுக்கும் ஷாகிர்த் உண்டு. இருவரிடமும் சேரும் பையன் முதல் வருடம் முழுக்கச் செய்யும் வேலை சுத்தம் செய்வதுதான்.

பட்டறை என்று சொல்வதற்கு அங்கே தகரக்கூரையும், ஒரு வைஸ் பொருத்திய மேசையும், நெய் டின்களில் கிடக்கும் நட்டு போல்ட்டும்தான். பெரும்பாலும் துறைமுகத்துக்கு ஓடும் டிரெய்லர்களின் வேலை. கிதர்பூர் டாக்கும் நேதாஜி சுபாஷ் டாக்கும் பக்கத்தில். தாராதலா, ஹைட் ரோடு வழியாகக் கண்டெய்னர்கள் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருக்கும். பாரம் தாங்குவதும் பட்டை முறிவதும் அங்கே அன்றாடம். கார் என்றால் அவருக்குக் குழந்தைச் சாமான் மாதிரி.

உஸ்தாதுக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். காரை ஜாக்கியில் ஏற்றி, கீழே முட்டுக்கட்டை கொடுத்து, பாயை விரித்து அடியில் புகுந்தார். நான் எதிர்பார்த்தது ஸ்பானர். அவர் கேட்டதோ சின்னச் சுத்தியல். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டி நிறுத்தும் யூ போல்ட்டுகளின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ‘தண், தண், தண், டொக்.’ நாலாவதை மறுபடி தட்டினார். வெளியே வந்து, “பாபு, மூணு நாளைக்கு. ஒண்ணு இன்னிக்கே வரும்” என்றார்.

ரயில்வேக்காரனாகையால் இது எனக்குப் புதிதில்லை. அந்த நாளில் வண்டி நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலோடு ஒருவர் வந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணிபோலப் பேசும், விரிசல் விட்டது மொத்தையாகப் பேசும். நட்டு விஷயத்தில் கணக்கு தலைகீழ். துருவால் போல்ட்டும் நட்டும் ஒரே கட்டியாகிவிட்டால் ஒரே பொருளின் ஓசை கேட்கும். எங்கேயோ ஒரு நூலிடைவெளி இருந்தால் அந்த ஓசை உடைந்து இரண்டாகும். அந்த இரண்டாவது ஓசையை வரவழைப்பதுதான் முழு வேலையும். அது கேட்டபிறகு ஸ்பானரை யாரும் திருகலாம்.

எண்ணெயிட்ட புரியில் சுலபமாக ஏறிய நட்டு ஏன் பிறகு இறங்க மறுக்கிறது? இரும்பு துருவாகும்போது பருக்கும். தின்னப்பட்ட இரும்பைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும், துருவின் வகையைப் பொறுத்து. வெட்டவெளியில் அது பொருக்காகி உதிர்ந்துவிடும். புரிகளுக்கு நடுவே உதிர இடம் ஏது? இருக்கிற மயிரிழைச் சந்தையும் அடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நெட்டுகிறது. சுவர்ச் சந்தில் வேர்விட்ட ஆலங்கன்றின் வேலை. ஆக நட்டு இறுக்கமாக இருப்பது யாரோ முடுக்கியதால் மட்டுமில்லை, உள்ளே வளர்ந்த துரு அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வளர்ப்புக்குக் கொல்கத்தாவைவிடத் தோதான ஊர் குறைவு. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்துவிடும். ஆவணி மாதக் கொல்கத்தாவில் சராசரியே 80-ஐத் தாண்டும். ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கார்டன் ரீச், கிதர்பூர் சாலைகளில் முழங்கால் தண்ணீர் நின்றால் யூ போல்ட்டின் நட்டு முழுசாக முழுகிவிடும். நம் சென்னைத் துரு உப்புக்காற்றால் வருவது, மேலே வெளிப்படையாகப் பூக்கும், பார்த்ததும் எச்சரிக்கும். கொல்கத்தாத் துரு சேற்றுக்குள் மறைந்து வளரும். சேறு தட்டிப் போன பின்னால்தான் அதன் முகமே தெரியும்.

துரு என்கிறோம் நாம். யாழ்ப்பாணத்தில் கறள் என்பார்கள். அந்தச் சொல்லின் சொரசொரப்பு எனக்குப் பிடிக்கும், துருவைவிட அது துருப்போல இருக்கிறது. வங்காளத்தில் மொர்ச்சே. உருதுவில் ஸங். மெட்டியாபுருஸ் பட்டறைகளில் பாதிப்பேர் பீகாரிலிருந்து வந்தவர்கள், அவர்கள் நாக்கில் ‘ஸ’ நிற்காமல் அது ஜங் ஆகிவிடும். ஜங் என்றால் உருதுவில் போர். “ஜங் லக் கயா ஹை” என்று பையன் கூவும்போது துருப்பிடித்துவிட்டது என்கிறானா, சண்டை மூண்டுவிட்டது என்கிறானா என்று எனக்கு முதலில் குழப்பம். பார்த்தால், வேறு பட்டறைகளில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. நாலடிக் குழாயை ஸ்பானரில் சொருகி, இரண்டு பேர் தொங்கி, போல்ட் தலை அறுந்து, வெற்றி கொண்டாடிவிட்டு, அறுந்த துண்டை எடுக்க இரண்டு மணி நேரம் துளைபோடுகிற யுத்தம்.

உஸ்தாத் யுத்தம் செய்யவில்லை. அன்று முதலில் கம்பி பிரஷ். நட்டின் கீழே நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் வாலை ஷாகிர்த் பதினைந்து நிமிடம் தேய்த்தான். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நட்டு கழன்று வரவேண்டிய வழி அந்த வால்தான். அதில் துருவும் சேறும் இருந்தால் நட்டு அசைந்த பிறகும் அரைச்சுற்றில் சிக்கும், அங்கேதான் பெரும்பாலான போல்ட்டுகள் முறிகின்றன. வாசலைக் கூட்டிவிட்டுத்தான் விருந்தாளியை வெளியே அழைக்கணும் என்றார் உஸ்தாத். எனக்கென்னவோ விருந்தாளியை வெளியே அனுப்புவதற்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றியது.

பிறகு ஒரு பழைய இருமல் மருந்துக் குப்பி. மண்ணெண்ணெயில் கொஞ்சம் மெல்லிய ஆயில் கலந்தது. மண்ணெண்ணெய் விளக்குத் திரியில் ஏறுவதுபோலச் சந்துக்குள் ஏறும், ஏறியபின் ஆவியாகிவிடும். கூடப் போன ஆயில் உள்ளேயே தங்கும். இதற்கென்றே டப்பாவில் அடைத்த சரக்குகள் உண்டு. எல்லாருக்கும் தெரிந்த டபிள்யூடி-40, அமெரிக்காவின் சான் டியாகோவில் 1953-இல் அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமலிருக்கச் செய்தது. தண்ணீரை விரட்டுவது என்பது பெயரின் முதல் பாதி, நாற்பதாவது முயற்சியில் பலித்தது என்பது இரண்டாம் பாதி. தண்ணீரை விரட்டுவதில் அது கெட்டிக்காரன். இறுகியதை இளக்குவதில் சுமார்தான் என்பது என் அபிப்பிராயம். எதை ஊற்றினாலும் ஊற்றியவுடன் திருகினால் எல்லாம் ஒன்றுதான்.

ஊற்றிவிட்டுத் தட்டினார். நட்டின் ஆறு முகங்களிலும் சுற்றிச் சுற்றி, நோகாத தட்டல். ஒவ்வொரு தட்டலிலும் துரு நுண்ணியதாக விரிகிறது, எண்ணெய் ஒரு நூல் உள்ளே போகிறது. துருவுக்கு அழுத்தம் தாங்கும் வலு உண்டு, அதிர்வு தாங்கும் வலு இல்லை. மண்சுவர் போல. பிறகு டீ. பிறகு மறுபடி எண்ணெய், மறுபடி தட்டல். “இப்போ போய்ட்டு நாளைக்கு வாங்க.”

அவர் இன்றைக்கே வரும் என்றதை மட்டும் எனக்காகத் திறந்து காட்டினார். ஸ்பானர் எடுக்கும்போது ஒன்று கவனித்தேன். அம்பாசடரில் இஞ்சு அளவுதான், அது மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு. அரை இஞ்சு என்றால் 12.7 மில்லிமீட்டர். பதிமூணாம் நம்பர் ஸ்பானர் அதில் பார்க்கப் பொருந்திவிடும். அந்த 0.3 மில்லிமீட்டர் ஆட்டத்தில்தான் இறுகிய நட்டின் மூலைகள் வழுக்கி உருண்டையாகின்றன. உஸ்தாத் அந்த நட்டுக்கான இஞ்சு ரிங் ஸ்பானரையே எடுத்து, சுத்தியலால் நட்டின் மேல் அடித்து ஏற்றினார். சுத்தியலைக் கீழே போட்டு, ஸ்பானரின் மேல் ஒரு கையை வைத்தார்.

முதல் தள்ளு இறுக்கும் பக்கம்.

இதைப் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். கழற்ற வேண்டியதை இன்னும் முடுக்குவதா? ஒரு மயிரிழைதான், அதற்கு மேல் இல்லை. துரு விரிசல் விட எந்தப் பக்கம் அசைந்தாலும் போதும். இரண்டு பக்கமும் மாறி மாறி அசைத்தால் ஒரே பக்கம் முறுக்கி முறிக்கும் ஆபத்தும் குறைவு. உள்ளே ‘கிறீச்’ என்று சிணுங்கல். அப்புறம் கழற்றும் பக்கம் கால் சுற்று. நின்றார். மறுபடி உள்ளே அரைக்கால். எண்ணெய். வெளியே அரைச்சுற்று. ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று நம்மூரில் சொல்வதை அவருக்கு என் அரைகுறை இந்தியில் சொன்னேன். மாட்டைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று புரியாமல், மரியாதைக்குத் தலையாட்டினார்.

நட்டின் தலையைவிட அவர் முகத்தைப் பார்ப்பதில்தான் ரசனை. கண் எங்கேயோ கூரையைப் பார்க்கிறது. கவனமெல்லாம் மணிக்கட்டில். எஃகுக்கு ஒரு குணம்: முறிவதற்கு முன் இழுபடும். அதுவரை விறைப்பாக எதிர்த்த ஸ்பானர், திடீரென்று எதிர்ப்பு இல்லாமல், ஆனால் விடுதலையும் இல்லாமல், மிட்டாய்ப் பாகு போல இளகி வரும். பழகாதவன் ஆகா, கழல்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் தள்ளுவான். அடுத்த நொடி போல்ட் கையோடு வந்துவிடும். நான் சென்னையில் சொந்தமாக ஒரு காரில் அந்தச் சந்தோஷத்தை அனுபவித்திருக்கிறேன். உண்மையாகக் கழலும் நட்டு ஒரு சின்ன ‘டிக்’கோடுதான் விடும், பிறகு மறுபடி எதிர்க்கும். பாகுக்கும் டிக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் முப்பது வருட அனுபவம் என்று சொல்லலாம்.

அந்த டிக் வந்தது. யூ போல்ட் நட்டு நாலாவது நிமிடம் விரலாலேயே சுழன்று இறங்கியது. நான் கைதட்டவில்லை. தட்டியிருக்கலாம்.

மறுநாள் மற்ற மூன்றில் இரண்டு வந்தன. மூன்றாவது வரவில்லை. உஸ்தாத் அதை ஒரு மணி நேரம் கெஞ்சிவிட்டு, முகம் சுளிக்காமல், உளியை எடுத்து நட்டின் ஒரு முகத்தில் நெடுக்காக வைத்து நாலு அடியில் பிளந்துவிட்டார். போல்ட்டின் புரியில் கீறல் விழாமல் நட்டு மட்டும் பிளப்பது தனி வித்தை. ஆனால் அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிளந்த நட்டை டின்னில் போடும்போது, தோற்ற ஆட்டக்காரர் சீட்டைக் கவிழ்த்து வைப்பது போல வைத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் பத்திரமாகக் கழன்ற மூன்று நட்டுகளும் அதே டின்னுக்குத்தான் போயின. யூ போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, ஒருமுறை முடுக்கியதில் இழுபட்டிருக்கும், புதுசு போட வேண்டும் என்பது அவர் கட்சி, சரியான கட்சியும்கூட. அப்படியென்றால் இரண்டு நாள் கெஞ்சியது எதற்கு? வெட்டிப் போட்டிருக்கலாமே? கேட்டேன். டாங்க் பக்கத்தில் இருக்கிறது, பட்டைக்குச் சூடு ஆகாது, சூடு பட்டால் ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்துவிடும் என்று இரண்டு காரணம் சொன்னார். இரண்டும் உண்மை. ஆனால் அவர் சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றியது. தும்ரிப் பாடகர் ஒரே அடியை இருபது விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடுவதற்கு என்ன அவசியம்? முதல் தடவையிலேயே பொருள் விளங்கிவிட்டதே.

நெருப்புக்கு விரோதி என்று அவரை நினைத்துவிட வேண்டாம். அடுத்த வாரம் புது பட்டை போட்டு வண்டியை எடுக்கப் போனபோது டிரெய்லர் ஒன்றின் பிராக்கெட்டில் மாட்டிக்கொண்ட போல்ட்டுக்கு கேஸ் அடித்துக்கொண்டிருந்தார். தீயை நட்டின் மேல் மட்டும் காட்டினார், போல்ட்டில் படாமல். சூடானால் துளை சுருங்கும் என்றே பலர் நினைக்கிறார்கள். நம் ஊர் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. எருமுட்டை அடுக்கி எரித்துப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். வளையம் அகலமாகும். குறட்டால் தூக்கி மரச்சக்கரத்தின் மேல் போட்டு, தண்ணீர் ஊற்றினால் ‘ஸ்ஸ்’ என்று சுருங்கிக் கவ்விக்கொள்ளும். இங்கே அதே வித்தை பின்னோக்கி நடக்கிறது. 20 மில்லிமீட்டர் துளையை 500 டிகிரி சூடாக்கினால் கிட்டத்தட்ட 0.12 மில்லிமீட்டர் அகலும். ஒரு தலைமுடியின் பருமனைவிடச் சற்று அதிகம். அதுவே தாராளம்.

தீயை எடுத்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தது ஒரு பூஜை மெழுகுவர்த்தித் துண்டு. சிவப்பு மங்கிக் கறுத்த நட்டின் ஓரத்தில் அதை ஒற்றினார். மெழுகு உருகி, புகைந்து, மேல்நோக்கிக்கூட ஏறிப் புரிக்குள் மறைந்தது. சூடான சந்து அதை உறிஞ்சுகிறது. ரொம்பச் சிவப்பாக இருக்கும்போது வைத்தால் எரிந்து வீணாகும், ரொம்ப ஆறியபின் வைத்தால் ஏறாது. அந்த நடுநேரத்துக்கு அவரிடம் தெர்மாமீட்டர் இல்லை. புகையின் நிறத்தைப் பார்த்தார்.

அவர் தீயைக் கொண்டு போகவே போகாத ஓரிடம் என் காரிலேயே இருந்தது. அம்பாசடரின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அலெக் இசிகோனிஸ் மோரிஸ் மைனருக்கு வகுத்த ஏற்பாட்டின் வழிவந்த டார்ஷன் பார்தான்: வண்டியின் நீளவாட்டில் கிடக்கும் ஒரு எஃகுக் கம்பி. சக்கரம் மேலே எழும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும், இறங்கும்போது முறுக்கு அவிழும். மழைத்துணியைப் பிழியும் கை நாள் முழுக்கப் பிழிந்தும் விட்டும் கொண்டிருப்பது போல. இந்தக் கம்பியின் மேல் ஒரு உளிக்கீறல் விழுந்தால் போதும், முறுக்கமெல்லாம் அந்தக் கீறலில் கூடி ஒருநாள் அங்கேயே முறியும். சூடு காட்டினால் விறைப்பு போய்விடும். சுத்தியல் கூடாது, நெருப்பு கூடாது, பிடிக்கும் ரென்ச்சின் பல்கூடப் படக்கூடாது. இடப்பக்கக் கம்பியை வலப்பக்கம் போடவும் கூடாது, பழகிய முறுக்கின் திசை மாறிவிடும். ஆகவே அதன் முனை துருவேறி மாட்டிக்கொண்டால் எண்ணெயும் காத்திருப்பும் தவிர வேறு ஆயுதமில்லை. அந்தப் பக்கம் வேலை வந்தால் உஸ்தாத் பையனைத் தொடவிடமாட்டார்.

இனி, எனக்கு மிகப் பிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்டியரிங் கம்பியின் கடைசியில் இருக்கும் பந்து மூட்டு, டை ராடு எண்ட் என்பார்கள். அதன் தண்டு நேராக இல்லாமல் கேரட்டைப் போலக் கூம்பி, கூம்பிய துளைக்குள் உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றிவிட்டாலும் தண்டு வராது. கூம்புக்குள் கூம்பு இறுகிவிட்டால் உராய்வே பூட்டு, துரு அதற்கு மேல் ஒரு முத்திரை. இதற்குக் கவட்டைபோல ஒரு கருவி உண்டு. சந்தில் வைத்து அடித்தால் மூட்டு வந்துவிடும், ரப்பர் உறையும் கிழிந்து வரும். புது மூட்டு போடுவதென்றால் சரி. பழையதையே மறுபடி போடுவதென்றால் கொலை.

உஸ்தாத் நட்டைத் தளர்த்தி, இரண்டு மூன்று புரியில் நிற்கும்படி விட்டுவைத்தார். மூட்டு விடும்போது எகிறி விழாமல் இருக்கவும், புரி நசுங்காமல் இருக்கவும். பிறகு ஷாகிர்தை எதிரே உட்காரவைத்தார். இருவர் கையிலும் ஒவ்வொரு சுத்தியல். தண்டை யாரும் அடிக்கவில்லை, தண்டைப் பிடித்திருக்கும் கைப்பிடியின் கண்ணை, அதன் இரண்டு பக்கவாட்டிலும், ஒரே நொடியில். உஸ்தாத் ‘ஹூம்’ என்றார். ‘டங்.’ இரண்டு சுத்தியல், ஒரே சத்தம். பையன் ஒரு நூல் பிந்தினான், ‘ட-டங்’ என்று கேட்டது, உஸ்தாத் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். மறுபடி ‘ஹூம்’. ‘டங்.’ ஒரே நேரத்தில் இருபக்கமும் அடி விழும்போது வட்டமான துளை கணப்பொழுது முட்டைவடிவம் கொள்கிறது. அந்தக் கணத்தில் கூம்புக்குப் பிடிமானம் போகிறது. மூன்றாவது அடியில் ‘டப்’ என்று மூட்டு தானாகக் கீழே குதித்தது. ரப்பர் உறையில் ஒரு சுருக்கம் இல்லை. அடி விழுந்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்ததைத் தவிர வேறு அடையாளமில்லை.

ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்த இருவருக்குத்தான் அந்த ஒற்றைச் சத்தம் வரும். தவில்காரர்கள் இருவர் தீர்மானத்தில் சேர்ந்து விழும்போது நமக்குள் ஒன்று நிமிர்ந்து உட்காருமே, அது எனக்கு அந்தத் தகரக்கூரையின் கீழ் நடந்தது.

காற்றழுத்த இம்பாக்ட் ரென்ச் இருக்கும் பட்டறைகளில் இதெல்லாம் அரை நிமிடம் என்பார்கள். அந்தக் கருவியை நான் குறைசொல்லவில்லை. தொடர்ந்து தள்ளுவதைவிடச் சின்னச் சின்ன அடியாகத் தள்ளினால் துரு விடும் என்ற அதே உண்மையைத்தான் அது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் செய்கிறது. அதன் இரைச்சலில் ‘டிக்’ கேட்காது என்பது மட்டும்தான் குறை. முறிந்தபிறகு முறிந்தது தெரியும்.

புதுக் கார்களும் இந்தக் கலையைக் குறைத்துவிடவில்லை, இடத்தைத்தான் மாற்றியிருக்கின்றன. மாருதி 800 காலத்திலிருந்து சின்னக் கார்களில் கீழ்க்கையின் பந்து மூட்டுத் தண்டைப் பிளவுபட்ட ஒரு கண்ணில் சொருகி, குறுக்கே ஒரு போல்ட்டால் நெரித்துப் பிடிப்பார்கள். அந்தப் போல்ட் தண்டில் வெட்டிய பள்ளத்தின் வழியாகப் போவதால், நட்டைக் கழற்றினால் மட்டும் போதாது, போல்ட் முழுசாக வெளியே வந்தாக வேண்டும். அது வராது. அதைவிடக் குறும்பு ரப்பர் புஷ். ரப்பருக்கு நடுவே ஒரு இரும்புக் குழல், அதற்குள் போல்ட். குழலும் போல்ட்டும் துருவால் ஒன்றானால், ஸ்பானரைத் திருகத் திருக போல்ட்டோடு குழலும் சேர்ந்து ரப்பரில் முறுக்கி, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். முதல்முறை பார்ப்பவருக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். புதுப்பேட்டையில் ஒருவர் ரம்பத்தின் வெறும் பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தில் நுழைத்து, குழலின் இருபக்கமும் அறுத்து எடுத்ததைப் பார்த்தேன். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார் அப்படி, பழைய கார்கள் பாகம் பாகமாகப் பிரியும் இடம். இரண்டு ஊரிலும் கழற்றுவோர் வேகம் வேறு. விற்கப்போகும் பொருளைக் கழற்றுகிறவன் அந்தப் பொருளை மட்டும் காப்பாற்றுவான், மற்றதெல்லாம் காயலான் சரக்கு. ஓடப்போகும் வண்டியில் கழற்றுகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

கழன்ற போல்ட் வீணென்றால், காப்பாற்றப்படுவது எது? துளை. கண்ணின் உள்சுவர், கைப்பிடியின் கூம்பு, பிராக்கெட்டின் புரி. கழற்றுகிறவன் காப்பாற்றுவது அந்த வெற்றிடத்தைத்தான். புதுப் போல்ட் அதில் விரலால் ஏறி உட்கார வேண்டும். ஏறுவதற்குமுன் உஸ்தாத் புரியில் கிரீஸ் தடவினார். அடுத்த முறை கழற்றப்போகிறவர் யாராக இருந்தாலும் அவருக்காக. அந்த ஒரு தடவலைப் போன பட்டறைக்காரர் செய்திருந்தால் என் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது.

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. மஞ்சள் டாக்சிகள் பதினைந்து வயதில் சாலையைவிட்டு இறங்க வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டு ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. நான் அதற்கு முன்பே மாற்றலாகி வந்துவிட்டேன். வரும்போது உஸ்தாதிடம் நெய் டின்னைக் கிளறி, என் வண்டியின் ஒரு யூ போல்ட்டையும் நட்டையும் கேட்டு வாங்கினேன். எடைக்குப் போடும் இரும்பை மதராஸி பாபு எதற்குக் கேட்கிறார் என்று பையன் சிரித்தான். உஸ்தாத் சிரிக்கவில்லை. கந்தலில் துடைத்து, நட்டைப் போல்ட்டில் மாட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டார். அது சரசரவென்று கடைசிப் புரிவரை ஓடி நின்றது.

இப்போது திருவான்மியூரில் கடலுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறேன். அந்தப் போல்ட் மேசைமேல் காகிதத்துக்குப் பாரமாக இருக்கிறது. வருகிறவர்களுக்கு நட்டைச் சுண்டிக் காட்டுவேன். போன வாரம் ஒரு நண்பரின் பேரன் சுண்டினான், நட்டு நகரவில்லை. வாங்கிப் பார்த்தேன், உப்புக்காற்று தன் வேலையைச் செய்திருந்தது. பையன் குறட்டைத் தேடி ஓடினான், தடுத்துவிட்டேன். மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது? பங்கில் கொஞ்சம் டீசல் வாங்கி வந்து, வாலைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஊற்றி வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி பேனாக்கத்தியின் பிடியால் தட்டினேன். ‘தண்’ என்றது. இன்று மறுபடி டீசல் விட வேண்டும்.